கிழக்கு எந்தப் பக்கம்

"வந்துச்சா?" என்று மொட்டை மாடியிலிருந்து அவர் கேட்கிறார். "வரலை" என்று ஜன்னல் பக்கம் வாயைக் கொண்டுபோய் நான் கத்துகிறேன். மத்தியானச் சாப்பாட்டிலிருந்து இந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கிற மொத்தப் பேச்சும் இதுதான். புது டி.வி. ஹால் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஓரத்து பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை, திரையில் மேலும் கீழுமாக இரண்டு பட்டை, இரண்டிலும் சொட்டு நிறம் கிடையாது, அதற்கடியில் சிக்னல் இல்லை என்று ஒரு வரி. இல்லை என்று சொல்வதற்கு இத்தனை பெரிய கண்ணாடி எதற்கு, அதை நானே சொல்வேனே, சொல்லிக்கொண்டும்தானே இருக்கிறேன். ஓசூரில் இருக்கிற மகள் கயல் அனுப்பியது. அப்பாவுக்குப் பொழுது போகணும்மா என்றாள். அந்தப் பேச்சுக்கு அடியில் வேறொரு பேச்சு இருந்தது, அது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். கேபிள்காரனோடு இவருக்கு ஒத்துவரவில்லை, மாடியில் டிஷ் வைத்துவிட்டால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம், சேனலெல்லாம் சும்மாவே வரும் என்று டிஷ் குடையையும் வயரையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். சும்மா வருவதில் பாதிக்கு மேல் இந்திதான் அக்கா என்று பக்கத்து வீட்டு ஜெபமணி சிரித்தாள். வரட்டும், புரியாத பாஷையில் அழுதால் நமக்கும் சேர்ந்து அழ வேண்டியதில்லை. வைத்துக் கொடுக்க ஆளைக் கூப்பிடுங்கள் என்றதற்குத்தான் இவர் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார். "ஏன் அரசி, ஆயுசு பூரா ஜியாக்ரபி எடுத்தவன் நான். கிழக்கைக் காட்டறதுக்கு எனக்குக் கூலிக்கு ஒரு ஆள் வேணுமா?" கிழக்கே பார்க்க வைத்து, தெற்கே கொஞ்சம் திருப்பி, முகத்தை வானத்துக்கு நிமிர்த்தினால் முடிந்தது என்றார். வேறு சமயமாக இருந்தால் சுடச் சுட நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடினால் அதற்கொரு காரணம் இருக்கும் என்று கட்டின மனுஷனுக்குத் தெரிய வேண்டாமா. தெரியவில்லை. சாட்டிலைட்னு ஒண்ணு கேட்கும், அதை அமுக்கு, ரெண்டு பட்டையைப் பார்த்துச் சொல்லு என்று ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு, ஸ்பேனரோடு மாடிக்குப் போய்விட்டார். பரீட்சை எழுதப் போகிறோம் என்று தெரியாமல் போய்விட்டார்.

பரீட்சைதான், வேறென்ன பெயர் அதற்கு. சாயங்காலம் கயல் கூப்பிடுவாள். "அம்மா, இந்தத் தடவை மழுப்பாதே. அப்பா சரியா இருக்காரா, இல்லையா? நீ ஒரு வார்த்தை சொன்னா நான் நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிடுவேன்." ஒரு வார்த்தையாம். நீ வந்து பார்த்துச் சொல்லேன்டி அந்த ஒரு வார்த்தையை. வெள்ளிக்கிழமை நடந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கப் போனவர் திரும்பி வருவதை இதே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார், நம் கேட்டைத் தாண்டினார், போய்க்கொண்டே இருந்தார். கூப்பிடாமல் வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றுவிட்டேன். தெரு முடிகிற இடம் வரைக்கும் போய், நின்று, திரும்பி, ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார், வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரி. நான் வாசலுக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இளகியதே, அதைத்தான் தாங்க முடியவில்லை, திருவிழாவில் தொலைந்த பிள்ளை அம்மாவைப் பார்த்தால் அப்படித்தான் இளகும். "காத்து நல்லா இருந்துச்சு, ஒரு நடை நடந்துட்டு வந்தேன்" என்றார். நடந்திருக்கலாம். ஏன் நடக்கக்கூடாது, கால் இருக்கிறது நடக்கிறார். இந்த நகரைக் கட்டினவனைத்தான் சொல்ல வேண்டும், குறுக்குத் தெரு அத்தனையும் ஒரே மாதிரி, வீடு அத்தனையும் ஒரே மஞ்சள், ஒரே கறுப்பு கேட், திருச்சியில் வேறு சாயமே கிடைக்காத மாதிரி. குடிவந்த புதிதில் நானே ஜெபமணி வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றியிருக்கிறேன். ஆனால் அது புதிது. இப்போது புதிதில்லை. அப்புறம் அந்த ஸ்கூட்டர் சாவி, கையிலேயே வைத்துக்கொண்டு எங்கே என்று கேட்டாரே, ஒரு தடவை இல்லை. கயலின் மாமனார் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது என்று பாயசம் ஆறும் வரைக்கும் யோசித்தாரே. அந்த ஆள் பெயர் எனக்கும்தான் சட்டென்று வராது, மறக்க வேண்டிய மனுஷன்தான் அவர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்த்துப் பார்க்கிற தைரியம்தான் எனக்கு இல்லை. "வந்துச்சா?" "வரலைங்க, வரலை!"

எதிர் வீட்டு வாண்டுகளின் கூச்சல் வேறு. லீவு விட்டால் போதும், தெருவே அவர்களுடையது. கண்ட சுவரிலும் சாக்பீஸ் கிறுக்கல், டிரான்ஸ்பார்மர் திருப்பத்தில் ஒரு அம்புக்குறி, பால் பூத் சுவரில் ஒன்று, கடைசியில் என் கேட் தூணிலும் ஒன்று. முந்தாநாள் காலையில் வாசல் தெளிக்கும்போது தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அவர்கள் அம்மா காதில் விழுகிற மாதிரி இரண்டு வார்த்தையும் விட்டேன். அவள் ஒன்றும் புரியாத மாதிரி விழித்தாள், அந்த நடிப்புக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம். எனக்குப் பரிசு கொடுத்தது கான்வென்ட்டில், மேடையில் ஏறிக் கணீரென்று ஒப்பித்ததற்கு. குரல் மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய் விழ வேண்டும், ஆனால் கத்தக்கூடாது, கத்துகிறவள் சந்தைக்காரி என்பார் சிஸ்டர் யூஜினியா. வாங்க சிஸ்டர், வந்து பாருங்க, உங்கள் தங்க மெடல் கைலி கட்டின வாத்தியாருக்காக ஜன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்து வரலை வரலை என்று ஊளையிடுகிறது. அதே சிஸ்டர்தான் சொல்வார், அரசி, நீ புத்திசாலி, ஆனால் கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதிலுக்குப் பாய்கிறாய், என்றைக்காவது அது உன்னை மூக்கால் அழ வைக்கும். பாயாமல் என்ன செய்ய, உலகம் முழுக்க மெதுவாகப் பேசுகிறது. இவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிவதற்குள் நான் முடித்துவைத்து, பதிலும் சொல்லி, அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்போது கொஞ்ச நாளாக முடித்துவைப்பதில்லை. அவர் வார்த்தையைத் தேடுகிறபோது கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறேன், வருகிறதா வரவில்லையா என்று. கேட்கிறவர்கள் பொறுமை வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

அடுப்பில் பால் வைத்தேனே. ஓடினேன். பொங்கி வழிந்து பர்னரெல்லாம் கருகி, வீடே தீய்ந்த வாடை. இதுவே அவர் வைத்த பாலாக இருந்தால் இந்நேரம் கயலுக்குப் போன் போயிருக்கும். என் பால் வெறும் பால், அவர் பாலென்றால் நோய்க்கு அடையாளம். துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் மேலேயிருந்து அது கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. "அரசி, கிழக்கு எந்தப் பக்கம்?"

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். கிழக்கு எந்தப் பக்கம். கேலிக்குக் கேட்டிருப்பார். கேலிக்குத்தான், பொண்டாட்டியிடம் கேட்டு வைத்தேன் என்று நாளைக்கு ஊருக்குச் சொல்லிச் சிரிக்க வேண்டாமா. ஆனால் கேலியென்றால் அந்தக் குரலுக்கு ஒரு வால் இருக்கும், கடைசியில் தூக்கி முடிப்பார், இது தொங்கி முடிந்தது. வானம் மூடிக் கிடக்கிறது, ஐப்பசி மேகம், சூரியன் எங்கே என்றே தெரியவில்லை, அதனால் கேட்டிருக்கலாம். சூரியன் தெரியாவிட்டால் என்ன, தினமும் காலையில் இந்த அடுப்படி ஜன்னலில்தானே வெயில் வந்து தோசைக்கல்லில் விழுகிறது, இந்த ஜன்னலுக்கு நேர் மேலேதானே நிற்கிறார். கல்யாணம் ஆன புதிதில் கொடைக்கானல் போனோம். எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி, எல்லாரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையைப் பார்த்து நிற்கிறார்கள், இவர் என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பி, "இதோ, இப்ப நீ நேரா வைகையைப் பார்த்துட்டிருக்கே" என்றார். ரயிலில் மேல் பெர்த்தில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே, "இப்ப வண்டி வடக்கே திரும்புது பாரு" என்பார். எழுந்து நின்று யாரிடமாவது கேட்டு அவரைத் தோற்கடிக்க எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட நடக்கவில்லை. தலைக்குள்ளே ஒரு திசைகாட்டி முள் சுற்றாமல் நிற்கும் அவருக்கு. என் மண்டைக்குள் எதுவும் நின்றதே இல்லை, எனக்கு வழி என்றால் அவர் முதுகுதான், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராக நடந்திருக்கிறேன். அந்த முதுகு நின்று திரும்பிக் கிழக்கு எங்கே என்று கேட்டால் நான் யாரிடம் கேட்பது. "அடுப்படிப் பக்கங்க!" என்று கத்தினேன். குரல் கடைசி வரிசைக்குப் போகவில்லை.

ஹாலுக்கு வந்து நின்றேன். வந்துச்சாவும் இல்லை. ஸ்பேனர் சத்தம் இல்லை, குடைக் கால் தரையில் உரசுகிற சத்தம் இல்லை. கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது, விழ மாட்டார். விழாவிட்டாலும். கொல்லைப் பக்கம் போய் மாடிப்படி அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன், இந்த இரும்புப் படியில் என் முட்டி ஏறாது, ஏறினாலும் இறங்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். குடை விளிம்பில் ஒரு கை. மற்ற கை சும்மா தொங்குகிறது. எதையும் திருப்பவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தலையில் முடி இவ்வளவு கம்மியாகிவிட்டதா. "என்னங்க" என்றேன். கீழே பார்த்தார். "எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துட்டேன் அரசி. எனக்குத் தெரியலை" என்றார். இந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி அரை மணி நேரம் பேசக்கூடிய மனுஷன். பேசியிருந்தால் தேவலை. "இறங்கி வாங்க, நாளைக்கு ஆளைக் கூப்பிட்டுக்கலாம்" என்றேன். அவர் அசையவில்லை. "இன்னொரு தடவை பார்க்கறேன். நீ போய் டி.வி. முன்னாடி நில்லு." ஆளைக் கூப்பிடலாம் என்றதில் அவருக்கு என்ன கேட்டதோ. எனக்கு டாக்டர் என்றுதான் கேட்டது.

திரும்பி வந்தேன், அதே இரண்டு வெற்றுப் பட்டை, அதே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியை உடைத்திருப்பேன், கயல் முகம் தடுத்தது. ரிமோட்டில் கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அமுக்கினேன், போ, தொலை, அணைந்து போ. அணையவில்லை. திரை ஒரு பக்கம் பின்னால் போனது, இன்னொரு பக்கம், அப்புறம் ஒரு கேள்வி வந்து நின்றது, நான் இதுவரை பார்த்தே இராத கேள்வி. உங்கள் டி.வி.க்குப் படம் எதன் வழியாக வருகிறது. ஆன்டெனா, கேபிள், சாட்டிலைட். மூன்றில் கேபிள் மேல் ஒரு டிக். மத்தியானம் அவர் படியேறும்போதே நான் சரி சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போனது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் நிறுத்தி வாசிக்க நான் என்ன பாடப் புத்தகமா படிக்கிறேன் என்று அமுக்கினேன். பாதிக் கேள்வி. சிஸ்டர், பாதிக்கூட இல்லை. அப்படியென்றால் மத்தியானத்திலிருந்து அவர் குடையை எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும், கிழக்கையே பெயர்த்துக் கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்தியிருந்தாலும் இந்தப் பட்டையில் ஒன்றும் வந்திருக்காது. முதல் தடவை, மேலே போய் ஐந்து நிமிஷத்துக்குள், "வந்துச்சா?" என்று எவ்வளவு தெம்பாகக் கேட்டார், கடைசியில் வால் தூக்கி. அப்போதே சரியாகத்தான் வைத்திருப்பார். வரலை என்றேன். அவர் கொஞ்சம் திருப்பினார், வரலை என்றேன். இன்னும் திருப்பினார். சரியான இடத்திலிருந்து என் குரல்தான் அவரைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், தலைக்குள் நின்றுகொண்டிருந்த முள்ளை ஆட்டி ஆட்டி, தன் வீட்டு மாடியிலேயே கிழக்கு எங்கே என்று கேட்க வைத்திருக்கிறது. இன்றைக்கு மட்டும்தானா என்று ஒரு நினைப்பு எழுந்தது, அதை அங்கேயே அமுக்கினேன்.

சாட்டிலைட்டுக்கு மாற்றினேன், ஒவ்வொரு வரியாக, வாயால் வாசித்து, ஒன்றாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. இரண்டு பட்டை மறுபடி வந்தது, ஆனால் இப்போது மேல் பட்டை பாதிக்கு மேல் நிரம்பி நின்றது. கீழ்ப் பட்டை மட்டும் சிவப்பாகத் துடித்துக்கொண்டு பூஜ்யத்தில் கிடந்தது. குடை வேறெங்கோ பார்க்கிறது. எந்தப் பக்கமெல்லாமோ திருப்பியாகிவிட்டதே. ஜன்னலுக்குப் போனேன். இப்போது சொல்ல வேண்டிய வாக்கியம் என் வாயில் பழக்கமில்லாதது. "என்னங்க! தப்பு என்னோடது! நான்தான் வேற பட்டனை அமுக்கிட்டேன்! முதல்ல எங்கே வெச்சீங்களோ அதுதான் சரி, அங்கேயே வையுங்க!" சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது நான் என்ன கேட்டுவிட்டேன் என்று. முதலில் எங்கே வைத்தீர்கள். மத்தியானம். எத்தனையோ திருப்பலுக்கு முன்னால். எனக்கே ஞாபகம் இருக்காது. யாருக்கும் இருக்காது. இதில் வராவிட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை என்று கயலிடம் சொல்லிவிடலாம், சொல்லத்தான் போகிறேன், வாக்கியத்தைக்கூடக் கட்டிவிட்டேன். மேலே சத்தம் இல்லை. நின்றுவிட்டார். யோசிக்கிறார். யோசிக்காதீங்க, கையை வைங்க, கைக்குத் தெரியும். அப்புறம் குடைக் கால் தரையில் கறகறவென்று இழுபட்டது, ஒரே இழுப்பு, தடுமாறாத இழுப்பு. ஸ்பேனர் இறுக்கிய சத்தம். கீழ்ப் பட்டை சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு ஏறியது, கொஞ்சம் நின்றது, பச்சையாகி மேலே மேலே போனது. நான் கத்தினேன், "வந்துடுச்சு! வந்துடுச்சுங்க!" இந்தத் தெருவின் கடைசி வரிசைக்கே போயிருக்கும். ஜெபமணி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, யாருக்குக் குழந்தை?" என்றாள்.

கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார், முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. திரையில் யாரோ ஒரு பெண் இந்தியில் யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள், அதைப் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "ஆளைக் கூப்பிடணும்னியே?" "சரி சரி, கிழக்கு எங்கேன்னு கேட்டது யாராம்?" "நீ வரலை வரலைன்னு கத்தின கத்துல சூரியனுக்கே சந்தேகம் வந்திருக்கும், நான் எம்மாத்திரம்!" சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். கயலுக்குச் சொல்ல அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. "அது சரி, அத்தனை திருப்பு திருப்பிட்டு, அதே இடத்துல எப்படி வெச்சீங்க?" ரிமோட்டை வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "முதல்ல வெச்சப்பவே தரையில அம்புக்குறி போட்டுட்டேனே." "எதால?" சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். கறைபட்ட பழைய சட்டை, பையின் விளிம்பெல்லாம் வெள்ளைப் பொடி. உள்ளேயிருந்து ஒரு சாக்பீஸ் துண்டு எட்டிப் பார்த்தது. ரிட்டயர் ஆன மனுஷன் சட்டைப் பையில் எதற்கு சாக்பீஸ் என்று கேட்க வாயெடுத்தேன். "எதுக்கும் போட்டு வெச்சுக்கறது நல்லது" என்றார், மெதுவாக. சொல்லிவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

அந்தப் பெண் இந்தியில் சபித்துக்கொண்டேயிருந்தாள். நான் நின்றுகொண்டேயிருந்தேன். டிரான்ஸ்பார்மர் திருப்பம், பால் பூத் சுவர், கேட் தூண். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவியது முந்தாநாள் காலை. அவர் கேட்டைத் தாண்டிப் போனது அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம். அப்படியானால் அவருக்குத் தெரியும். எனக்கும் கயலுக்கும் முன்னாலேயே தெரியும், யாரிடமும் சொல்லாமல், தெருத் தெருவாகத் தனக்குத் தானே வழி எழுதிவைத்துக்கொண்டு, கறிவேப்பிலையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்திருக்கிறார். நான் வைத்த பரீட்சையை அவர் எப்போதோ தானே எழுத ஆரம்பித்திருக்கிறார். போன் அடித்தது. அவர் எடுத்தார். "சொல்லு கயலு, டி.வி. வந்துருச்சு, ஜம்முனு வருது, அப்பாதான் வெச்சேன்." என் பக்கம் போனை நீட்டினார். வாங்கி, "நேரம் வாங்கிடு" என்று மட்டும் சொன்னேன். டாக்டரிடம் நாளைக்கே பேசிவிடுகிறேன் என்று கயல் போனை வைத்தாள். அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் திரையைப் பார்த்தார். "அதைக் கொடுங்க" என்று கையை நீட்டினேன். எதை என்று கேட்காமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தூண் நான் தேய்த்த தேய்ப்பில் மற்ற தூணைவிட வெளுத்துப்போய் நின்றது. எதிர் வீட்டு வாண்டு ஒன்று சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தது, "ஆன்ட்டி, நீங்களே கிறுக்கறீங்க?" "ஆமாண்டா, யாராவது அழிச்சீங்க, தோலை உரிச்சுடுவேன்" என்றேன். நேர்கோட்டை நேராக இழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் எனக்கு. அவர் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில், அவர் போட்டதைவிடப் பெரிதாக, உள்ளே காட்டுகிற மாதிரி ஒரு அம்பு. அதன் மேல் இன்னொரு தடவை. இன்னொரு தடவை. உள்ளேயிருந்து அவர் குரல், "அரசி, தமிழ்ச் சேனல் ஒண்ணு வந்திருக்கு, வரலையா நீ?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். "வந்துட்டேங்க" என்றேன், கத்தாமல், ஆனால் கேட்கிற மாதிரி.